திருப்பு மணி

அஸ்திவாரம் இருப்பதால்தான் கட்டடங்கள் நடப்பதில்லை என்று பொறியாளர்கள் உட்பட உலகத்தில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு, இதை முதலிலேயே திருத்திக்கொள்ளாவிட்டால் பின்னால் வருகிற சங்கதி எதுவும் விளங்காது. கட்டடங்கள் நடக்காததற்குக் காரணம், போக வேண்டிய இடம் என்று அவற்றுக்கு ஒன்று இல்லாததும், இருக்கும் இடத்தை விட்டுப் போ என்று யாரும் அவற்றிடம் முறைப்படி எழுத்து மூலம் சொல்லாததும்தான். பத்திரங்களில் ‘அசையாச் சொத்து’ என்று எழுதுகிறார்களே, அந்த ‘அசையா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. அதாவது இதுவரை அசையவில்லை என்பதா, இப்போது அசையவில்லை என்பதா, இனிமேலும் அசையாது என்பதா என்று அந்தச் சொல் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. வாங்குகிறவர்கள்தான் அவசரப்பட்டு நம்பிவிடுகிறார்கள்.

ஏழுமடைக்குத் தெற்கே, பஸ் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ‘ஊன்றுகோல்’ இல்லத்துக்கு அப்படியோர் உத்தரவு எழுத்து மூலம் வந்தது. பனையிலிருந்து விழுந்தவர்கள், கட்டட வேலையில் சாரம் சரிந்தவர்கள், வற்றிய கிணற்றில் தண்ணீர் இருப்பதாக எண்ணித் தலைகீழாகப் பாய்ந்தவர்கள் என்று முதுகுத்தண்டு ஒடிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர்களை வைத்துப் பார்க்கும் தர்ம ஸ்தாபனம் அது. இல்லம் நின்ற மனை ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்வார்த்தையாகக் கொடுத்தது. அவர் காலமானதும் அவருடைய மகன் அங்கே பெட்ரோல் பங்க் வைக்க ஆசைப்பட்டார், வழக்குப் போட்டார், ஜெயித்தார். கெடு முடிவதற்கு முந்தின நாள், இல்லத்தை நடத்திவந்த உலகம்மாள், தீர்ப்பின் நகலை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தில் நின்று, “எடத்த விடுன்னா விட்டுருவேன். இவுகளத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?” என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டாள். முற்றத்தில் அப்போது கட்டடத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை கோர்ட் அமீனா வந்தபோது இல்லம் புறப்பட்டிருந்தது. வாசற்படி நேற்றிருந்த இடத்துக்குச் சில முழம் வடக்கே இருந்தது. பின்னால் சமையலறைச் சுவருக்கும் பழைய வேலிக்கும் நடுவில் புது மண் தெரிந்தது. அமீனா நேர்மையான மனிதர். கொல்லைச் சுவர் எல்லைக் கல்லைத் தாண்டும்வரை தினமும் காலையில் வந்து, குடையை விரித்து நின்று பார்த்து, கடைசி மூலையும் தாண்டிய அன்று ‘எதிர்த்தரப்பு மனையைத் தானாகவே காலிசெய்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இங்கே ஒரு சிறு இலக்கணக் குறிப்பு தவிர்க்க முடியாதது. ‘திரும்பு’ தன்வினை, ‘திருப்பு’ பிறவினை. நடுவில் உள்ள மெல்லின ‘ம்’ வல்லின ‘ப்’ ஆகத் தடிக்கிறதே, தானே செய்துகொள்வதற்கும் பிறர் செய்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த ஓர் எழுத்தில் அடங்கிவிடுகிறது. ஊன்றுகோல் இல்லம் மொத்தமும் அந்த ஒரு ‘ப்’பின் மேல்தான் நின்றது. தானே திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் எலும்பு முட்டும் இடத்தில் தோல் சிவந்து, கறுத்து, புண்ணாகி, புண் குழியாகி ஆளைத் தின்றுவிடும், தின்னப்படுகிறவருக்கு வலிகூடத் தெரியாது. அதனால் தாழ்வாரத்தில் ஒரு வெண்கல மணி தொங்கியது. அதற்குத் திருப்பு மணி என்று பெயர். மணி அடித்ததும் முதலில் மேற்கே ஆண்கள் வார்டு, அடுத்துக் கிழக்கே பெண்கள் வார்டு. இடப்பக்கம் படுத்தவர் வலப்பக்கம், வலப்பக்கம் படுத்தவர் இடப்பக்கம், முதுகுக்கு அண்டை கொடுக்க ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவில் ஒன்று. உலகம்மாளுக்கு எதைக் கேட்டாலும் “பாத்துக்கிடலாம்” என்று சொல்லும் பழக்கம் உண்டு. அரிசி தீர்ந்தது என்றாலும் பாத்துக்கிடலாம், நர்ஸ் நின்றுவிட்டாள் என்றாலும் பாத்துக்கிடலாம். கவனித்துக்கொள்வோம் என்பதும் பிறகு யோசிப்போம் என்பதும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கத்துப் பேச்சின் சௌகரியம். மணி விஷயத்தில் மட்டும் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

இல்லம் நடக்கத் தொடங்கியதை ஏழுமடை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. லைன்மேன் கம்பத்துக்குக் கம்பம் இணைப்பை மாற்றிக் கட்டி, வயரில் கொஞ்சம் தொய்வு விட்டுவைத்தார். பரோட்டாக் கடைக்காரர் தன் தள்ளுவண்டியை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, வீடு நகர நகரத் தானும் நகர்ந்து, கடைக்கு ‘கூடவே ஓட்டல்’ என்று பெயர் எழுதினார். அதுவரை திண்டாடிய நாய்கள் வீட்டுக்கு முன்னால் படுப்பதை விட்டுப் பின்னால் படுக்கக் கற்றுக்கொண்டன. வீடு போன தடத்தில் மண் உழுதது மாதிரிப் புரண்டு கிடந்ததால் புஞ்சைக் காட்டுக்காரர்கள் சண்டை போடாமல் அதில் உளுந்து விதைத்தார்கள், அது நன்றாகவும் முளைத்தது. இனி இது தன் பொறுப்பில் வராது என்று சார்பதிவாளர் கையை விரிக்க, நகர்வது எல்லாம் வாகனம்தான் என்று போக்குவரத்து ஆய்வாளர் வந்து சுற்றிப் பார்த்து, ஹாரன் இல்லை, பின்விளக்கு இல்லை என்று குறை சொன்னார். உலகம்மாள் சமையலறைச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு மாட்டினாள். ஹாரனுக்கு மணியைக் காட்டினாள். அவர் அடித்துப் பார்த்து, போதும் என்றார். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டு வந்து ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். குளத்துப் பாசனக்காரர்களின் தலைவர் கொம்பையா வீட்டுக்கு முன்னால் முதல் தேங்காயை உடைத்தார். நடக்க முடியாதவர்களின் வீடு நடக்கிறதே என்று யாரும் ஆச்சரியப்படவில்லை. வேறு எந்த வீட்டுக்கு நடக்கும் அவசியம் இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

ஸ்தாபனத்தின் தலைவர் ஆவுடையப்பன் மட்டும் கவலைப்பட்டார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நல்லவர், நிச்சயமில்லாத எதையும் கண்டால் உடனே ஒரு கூட்டம் கூட்டிவிடுவார். நெருக்கடியில் நிறுவனத்தை நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். பயிற்சியாளர் திரையைக் கட்டி, படங்களைப் போட்டு, புன்னகையோடு கேட்டார்: “இன்னும் ஐந்து வருஷத்தில் உங்கள் நிறுவனம் எங்கே இருக்கும்? கண்ணை மூடிக் கற்பனை செய்யுங்கள்.”

பெண்கள் வார்டு ஆயா ஜெபராணி கண்ணை மூடினாள். மூடியபடியே, “இப்படியே போனா சங்கரன்கோயில் தாண்டியிருக்கும் சார்” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள், உலகம்மாள் மட்டும் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு புறப்பட்டபோது வாசல் நேர் வடக்கே பார்த்திருந்தது, எதிரே இசக்கியம்மன் கோயில் கோபுரம் தெரிந்தது. இப்போது கோபுரம் இடப்பக்க ஜன்னலில் இருந்தது. வாசலுக்கு நேரே, தூரத்தில், ஏழுமடைக் குளத்தின் கரை பச்சையாக நீண்டு கிடந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் பாயும் சத்தம் வார்டுக்குள் கேட்டது. கோபுரம் நடு ஜன்னலுக்கு, பின் கடைசி ஜன்னலுக்கு, அப்புறம் காணாமல் போயிற்று. வீடு கரையை நோக்கி, அவசரமில்லாமல், ஒரு தரத்துக்கு ஒரு முழமாகப் போனது. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் நின்றது. எதிரே வந்தால் வழக்கமாகக் கும்பிடுகிறவர்கள் இப்போது கைகளைக் கட்டிக்கொண்டு கரைக்கும் வாசலுக்கும் இடையில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார்கள்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலையில் கொம்பையா பத்துப் பேரோடு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“எக்கா, ஒங்க வீடு நடக்கட்டும், பறக்கட்டும், எங்களுக்கு ஒண்ணுமில்ல. கரையில ஏறிச்சுன்னா கரை தாங்காது. கரை போச்சுன்னா ஊர்ல ஒரு வயலு மிஞ்சாது, கீழத்தெருவே மிஞ்சாது. நான் சொல்லுதது வெளங்குதா?”

“வெளங்குது அண்ணாச்சி. பாத்துக்கிடலாம்.”

“எப்பப் பாப்பீக? உள்ள தண்ணி வந்த பெறவா?”

கொம்பையா தாழ்வாரத்துக்குப் போனார். மணி அடிக்கும்போதெல்லாம் வீடு நகர்வதை ஊரே பார்த்திருந்தது. ஸ்டூலில் ஏறி, மணியின் நாக்கைக் கழற்றி, தோள் துண்டில் சாமி சாமான் போல மரியாதையாகச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “அடிச்சாத்தான நடக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகல் பன்னிரண்டுக்கு மணி அடிக்கவில்லை. ஜெபராணி சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். “மணிக்கு நாக்குப் போனா என்ன, கடியாரத்துக்கு முள்ளு இருக்குல்லா” என்று சேலையை இழுத்துச் செருகினாள். ஆண்கள் வார்டைத் திருப்பி முடித்தார்கள். உலகம்மாள் கையிலிருந்த டீ இடப்பக்கமாகத் தளும்பியது. பெண்கள் வார்டைத் திருப்பி முடித்தார்கள், வலப்பக்கமாகத் தளும்பியது. அவள் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டை நடத்துவது மணி இல்லை. திருப்பல்தான். மேற்கு வார்டில் கடைசி ஆளும் பக்கம் மாறியதும் மேற்குப் பாதி ஒரு முழம் போகிறது, கிழக்கு வார்டு முடிந்ததும் கிழக்குப் பாதி போகிறது, இடக்கால் வலக்கால் மாதிரி. அப்படியானால் இரண்டும் சமமாகத்தானே போக வேண்டும், ஏன் கிழக்கே வளைகிறது?

அவள் பெண்கள் வார்டுக்குப் போனாள். சாரத்திலிருந்து விழுந்த சித்தாள் வள்ளிமயில் அந்த வார்டின் ராணி. முதல் கட்டில், டி.வி.க்கு நேர் எதிரே. உலகம்மாள் போர்வையை விலக்கி இடுப்பெலும்புப் பக்கம் பார்த்தாள். வட்டமாக ஒரு சிவப்பு. விரலால் அமுக்கி எடுத்தாள். நல்ல தோலென்றால் அமுக்கிய இடம் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை. அடுத்த கட்டிலிலும் அப்படித்தான் இருந்தது.

“ஏட்டி ஜெபராணி, இது என்னட்டி?”

ஜெபராணி போர்வையை இழுத்து மூடினாள். வள்ளிமயில்தான் பேசினாள்.

“அவளத் திட்டாதீங்கக்கா. நாந்தான் சொன்னேன். எட்டு மணிக்கு எங்களப் பெரட்டுனா மொகம் செவத்தப் பாத்துல்லா போவுது. அந்த மாமியா பால்ல விஷத்தக் கலந்தாளா இல்லையான்னு தெரியாம நாங்க செவத்தப் பாத்துக்கிட்டா கெடப்போம்? சீரியல் முடியட்டும்னேன். சீரியல் முடிஞ்சதும் சாப்பாடு, பாத்திரம், அப்படியே பத்து மணி ஆயிருது.”

“எத்தன நாளா?”

“தீர்ப்பு வந்ததுலருந்து.” வள்ளிமயில் குரலைத் தணித்தாள். “நீங்கதான் எட்டு மணிக்கு வாரதில்லியே.”

உண்மைதான். இருபது வருஷமாக எட்டு மணித் திருப்பலுக்கு உலகம்மாள் தானே வந்து நிற்பாள். தீர்ப்பு வந்த நாளிலிருந்து அந்த நேரத்தில் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு, வக்கீலுக்கும் டிரஸ்டிகளுக்கும் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டு, இல்லத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் பின்வாசலுக்குப் போய் நின்றாள். மழையில் உளுந்துப் பயிர் பளபளத்தது. வீடு நடந்து வந்த தடம் தெற்கிலிருந்து புறப்பட்டு, கதிர் அரிவாள் போல மெதுவாகக் கிழக்கே வளைந்து அவள் காலடியில் முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு திருப்பல் வீதம் பெண்கள் வார்டுக்குச் சேர வேண்டியது சேரவில்லை. அந்த வளைவு அதுதான். இனி ஒன்றையும் விடாமல் திருப்பினாலும் வீடு இப்போது பார்க்கிற திசையில், நேராகக் கரைக்குத்தான் போகும்.

கோட்டாட்சியர் வந்தபோது வாசலுக்கும் கரைக்கும் இடையில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலந்தான் இருந்தது. பின்னால் ஆம்புலன்ஸுகள் வரிசையாகச் சேற்றில் நின்றன. அவர் இளைஞர், சப்பாத்து முழுக்க நனைந்திருந்தது, ஆனாலும் பணிவாகத்தான் பேசினார். ஆட்களை இறக்கிவிட்டால் வீடு தானாக நின்றுவிடும். ஆட்களை நாலைந்து மாவட்டத்தில் உள்ள விடுதிகளுக்குப் பிரித்து அனுப்ப ஏற்பாடு ஆகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். முந்தின வருஷம் அப்படி ஒரு விடுதிக்கு மாற்றலாகிப் போன கந்தையா, முதுகில் முஷ்டி நுழைகிற குழியோடு திரும்பி வந்து மூன்றாம் நாள் செத்ததை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. உலகம்மாள் சொன்னாள். அவர் தொப்பியிலிருந்து தண்ணீரை உதறினார்.

“வேற வழி இருந்தாச் சொல்லுங்கம்மா.”

ஆவுடையப்பன் முந்திக்கொண்டார். “உலகம்மா, திருப்பினாத்தானே நடக்குதுன்னு நீயே சொல்லுதே. மழை விடுறவரைக்கும் திருப்பாம வச்சிருந்தா? ஒரு வாரம். வீடு நின்னுடும்லா?”

“நிக்கும் சார். வீடு மட்டுந்தான் நிக்கும்.”

ஆண்கள் வார்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. பனையேறி மாசானம், எல்லாவற்றையும் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். “எக்கா, கணக்கு சிம்பிளு. இடக்கால ஊணி நிப்பாட்டி வலக்கால வீசுனா ஆளு இடப்பக்கமாத் திரும்புவான். ரெண்டு நாளு எங்கள அப்படியே போட்டுருங்க. பொம்பள வார்ட மட்டும் பெரட்டுங்க. வீடு திரும்பிரும். எங்களுக்கென்ன, வலிக்கவா போவுது?”

கோட்டாட்சியர் முகம் தெளிந்தது. “அவங்களே சம்மதிக்கிறாங்களே.”

“சம்மதிப்பான் சார். பனைமரத்துலயும் சம்மதிச்சுத்தான் ஏறுனான்.” உலகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே சத்தம் போட்டாள். “எலே மாசானம், கொறைக்கிற கணக்கு இந்த வீட்ல கெடையாது. பொம்பள வார்டுக்கு நாமதான் குடுக்க வேண்டியது பாக்கி. கூட்டுற கணக்குப் போடு.”

“கூட்டணும்னா ஒவ்வொருத்தராப் பெரட்ட நேரமில்ல, வார்டே ஒரே நேரத்துல பெரளணும், திரும்பத் திரும்ப. அதுக்குக் கட்டிலுக்கு ரெண்டு பேரு வேணும்க்கா. ஜெபராணிக்கு என்ன, நாலு கையா இருக்கு?”

உலகம்மாள் மழையில் இறங்கினாள். கரையின் மேல் ஊரே நின்றது. ஆண்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். எலுமிச்சம்பழம் கட்டிய அதே பெண்கள். அவள் வருவதைக் கண்டதும் ஆண்கள் மூட்டையைக் கீழே வைத்தார்கள். வழக்கமான சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

“பாத்துக்கிடலாம்னு சொல்ல வரல. எனக்குத் தெரியல. வீடு எங்க போவுதுன்னு தெரியாது, நான் சொல்லப்போறது பலிக்குமான்னும் தெரியாது. இத்தன மாசமா தெரிஞ்சவ மாதிரி நடந்துக்கிட்டேன். உள்ள கெடக்குற பொம்பளைகளத் திருப்பிப் போடணும், நான் போதும்ங்குறவரைக்கும். கை வேணும். பலிக்கலன்னா ஆம்புலன்ஸுல நானே ஏத்தி விட்டுருவேன்.”

கொம்பையாவின் மனைவி செந்தூர்க்கனி எழுந்தாள். “நாங்க தொட்டா வலிக்குமாக்கா?”

“ஒரு தடவையாவது வலிக்காதான்னுதான் அவுக கெடக்காக தாயி. வா.”

செந்தூர்க்கனி கொங்காணியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். அவள் பின்னால் மற்றவர்கள் எழுந்தார்கள்.

முதலில் எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. பூவைத் தொடுகிற மாதிரிப் பயந்து பயந்து தொட்டார்கள், ஒருத்தி திருப்பி முடிக்கும்போது இன்னொருத்தி தொடங்கவில்லை, ஒரு கட்டிலில் தலையணை கீழே விழுந்தது, ஒரு கட்டிலில் திருப்ப வந்தவள் நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு கனமா ஒரு கால் இருக்கும் என்று அழுதாள். முன்வாசலில் இருந்து ஆவுடையப்பன், “கரை சரியுது! கரை சரியுது!” என்று கத்தினார். வாசற்படியின் கிழக்கு மூலை கரைச் சரிவைத் தொட்டுவிட்டது. மண் கட்டி கட்டியாக விழுந்தது.

அப்போதுதான் வள்ளிமயில் தொண்டையைத் திறந்தாள். மூன்று மாடிச் சாரத்தின் மேலிருந்து கீழே கலவைக்காரனுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை. “தோளுல ஒரு கை, இடுப்புல ஒரு கை! இழுக்காதிய, உருட்டுங்க! எல்லாரும் என் வாயப் பாருங்க... திருப்பு!”

வார்டு மொத்தமும் ஒரே அசைவாகப் புரண்டது. கிழக்குப் பாதி ஒரு முழம் முன்னே போயிற்று. ஜன்னல் சட்டங்கள் கிறீச்சிட்டன.

“திருப்பு!”

இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம், வரப்புத் தகராறில் முகம் பார்க்காத வீட்டுக்காரிகளும், மாமியாரோடு பேசாத மருமகளும் மருமகளோடு பேசாத மாமியாரும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கத்தில் நின்று, மூச்சு இரைக்க, சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழையின் சத்தத்துக்கு மேல் ஒரு குரல் சொல்லச் சொல்லத் திருப்பினார்கள். ஆண்கள் வார்டுக்கு நேரம் வந்தபோது உலகம்மாள் அங்கே ஓடி, மாசானம் “வேண்டாம்க்கா, இப்ப வேண்டாம்க்கா” என்று கெஞ்சக் கெஞ்ச, அவர்களையும் கடிகாரப்படி திருப்பினாள். மேற்குப் பாதி தன் ஒரு முழத்தைப் போனது, வெளியே ஒரு அலறல் கேட்டது, பெண்கள் வார்டு அந்த முழத்தையும் மிஞ்சும்படி புரண்டது. வள்ளிமயிலின் குரல் கம்மியது. கம்மிக் கம்மி, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. கைகள் தயங்கின, ஒரு கட்டில் முந்தியது, ஒரு கட்டில் பிந்தியது, வீடு நின்றது. வாசற்படிக்குக் கீழே மண் சரியும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

தாழ்வாரத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம். கொம்பையா, கக்கத்தில் இருந்த துண்டை அவிழ்த்து, நாக்கை மணியில் மாட்டிக்கொண்டிருந்தார். ஈரக் கையில் கொக்கி இரண்டு தரம் நழுவியது.

மணி அடித்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரையோரப் பூவரசின் கிளைகள் கிழக்கு ஜன்னல்கள் வழியாக உள்ளே நுழைந்து, கட்டில் கட்டிலாக ஒவ்வொருத்தியின் முகத்தையும் ஈர இலைகளால் தடவிக்கொண்டே பின்னால் போயின. யாரும் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை. வீட்டின் கிழக்கு மூலை கரையை உரசி, ஒரு வரிசைச் செங்கல்லை அங்கேயே விட்டுவிட்டு, விலகியது. இடப்பக்க ஜன்னல்களில் கடைசி ஜன்னலில் இசக்கியம்மன் கோபுரம் தெரிந்தது, பின் நடு ஜன்னலில், பின் முதல் ஜன்னலில். “போதும்” என்றாள் உலகம்மாள். யாருக்கும் உடனே நிறுத்த முடியவில்லை; இன்னொரு தரம் திருப்பிவிட்டுத்தான் கைகள் நின்றன.

கோட்டாட்சியர் கரையை நடந்து பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுகளைக் காலியாகத் திருப்பி அனுப்பினார். ஆவுடையப்பன் முற்றத்தில் உட்கார்ந்து, வீடு இனி எங்கே போகும் என்று கேட்டார். உலகம்மாள் தெரியாது என்றாள். அவர் சரி என்று சொல்லி ஒரு டீ கேட்டார். எட்டு மணிக்கு அவள் பெண்கள் வார்டில் நின்றாள். வள்ளிமயிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். சீரியலில் மாமியார் பாலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதை அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஜெபராணி படிப்படியாகச் சொன்னாள்.

அன்று வந்த பெண்களுக்கு அதற்கப்புறம் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. தூக்கத்தில் மணிச் சத்தம் கேட்டால் கண் விழிக்காமலே பக்கம் மாறிப் படுத்தார்கள், பக்கத்தில் கிடக்கிற புருஷனையும் பிள்ளைகளையும் திருப்பிப் போட்டார்கள். இல்லம் மறுகாலைத் தாண்டி, வடகரையைத் தாண்டி, மணிச் சத்தம் எட்டாத தூரம் போன பிறகும் அது நிற்கவில்லை. தை மாதம் பெட்ரோல் பங்க் மனையை அளக்க வந்த சர்வேயர், ஏழுமடைக் கீழத்தெரு வரைபடத்தில் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு முழம் வடக்கே தள்ளி இருப்பதைக் கண்டு, சங்கிலியை உதறி மறுபடியும் அளந்து, எல்லைக் கல்லைப் பிடுங்கிப் புது இடத்தில் நட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குப் போனார்.